காலிக் கோப்புறைகளைக் கூட்டித் தள்ளுவோர் கவனத்திற்கு

கணினியில் வெறுமையாகக் கிடக்கும் கோப்புறைகளைத் தேடிப் பிடித்து அழிக்கும் நிரலை எழுதுவது இன்று கணிப்பொறியியல் முதலாண்டு மாணவருக்கும் பத்து நிமிட வேலை. பைத்தானில் ஐந்தாறு வரிகள் போதும். லினக்ஸ் கணினி என்றால் அதுவும் வேண்டியதில்லை. ‘ஃபைண்ட்’ என்ற கட்டளையிடம் கோப்புறைகளை மட்டும் பார், காலியானவற்றை எடு, அழி என்று மூன்று குறிப்புகள் சொன்னால் ஒரே வரியில் காரியம் முடிந்துவிடும். வீட்டுக் கணினியில் யாரும் இதைத் தாராளமாகச் செய்துகொள்ளட்டும். தமிழ் நூல்கள், இதழ்கள், ஆவணங்கள் ஆகியவற்றின் மின்சேகரிப்புகள்மீது மட்டும் இதை ஏவக் கூடாது என்பதே எங்கள் தரப்பு. ஏவப்பட்டதைக் கண்ட பிறகே இதை எழுதுகிறோம்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் அச்சான சில்லறைப் பொருள்களைத் திரட்டி ஸ்கேன் செய்து வைக்கும் முயற்சி ஒன்றில் நாங்கள் நான்கைந்து பேர் சில ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் உழைத்துவருகிறோம். தீப்பெட்டி லேபிள்கள், பட்டாசுக் கட்டுகளின் மேலுறைகள், நாள்காட்டிப் படங்கள், திருவிழா நோட்டீசுகள், கல்யாண வாழ்த்து மடல்கள், இரண்டு மூன்று ஆண்டுகள் வந்து நின்றுபோன சிற்றிதழ்கள், நாளிதழ்களின் உட்பக்கச் செய்தி நறுக்குகள் என்று எல்லாம் அதில் உண்டு. சேகரிப்பு எங்கே இருக்கிறது என்பது இங்கே வேண்டாம். இதே மனநிலை பல இடங்களில் இருப்பதால் ஓரிடத்தின் பெயரைச் சொல்வதில் பயனில்லை. சென்ற கோடையில் பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு அனைத்தையும் மாற்றும்போது அங்கிருந்த தொழில்நுட்ப உதவியாளர் காலிக் கோப்புறைகளை நிரல் கொண்டு மொத்தமாக நீக்கிவிட்டார். சில நூறு கோப்புறைகள் போயின. ஒரு படம்கூட அழியவில்லை என்று உறுதி சொன்னார். உண்மை, ஒரு படமும் அழியவில்லை. நாங்கள் எதையெல்லாம் தேடிக்கொண்டிருந்தோம் என்ற பட்டியல்தான் அழிந்தது.

“உள்ளே ஒன்றுமே இல்லையே ஐயா, எதை இழந்தீர்கள்?” என்று அவர் கேட்டார். கேள்வியில் குறும்பு இல்லை. மெய்யாகவே அவருக்கு விளங்கவில்லை. அவரைப் போன்றோர் பலர் இருப்பதால் விடையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓர் இதழைச் சேகரிக்கத் தொடங்கும்போது நாங்கள் முதலில் கூடுகளைக் கட்டுகிறோம். இதழின் பெயரில் ஒரு கோப்புறை, அதனுள் ஆண்டுகள், ஆண்டினுள் மாதங்கள். கையில் கிடைத்த பிரதிகளில் அச்சிட்டிருக்கும் மலர் எண், இதழ் எண், சந்தா அறிவிப்பு, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கும் ஆசிரியர் குறிப்பு ஆகியவற்றை வைத்து எத்தனை இதழ்கள் வந்திருக்கும் என்று கணக்கிட்டுக்கொண்டுதான் இதைச் செய்கிறோம். பிறகு, பழைய பேப்பர் கடைகளிலும் பரண்களிலும் கிடைக்கக் கிடைக்க ஒவ்வொன்றாக நிரப்புகிறோம். ஆகவே மூன்றாம் மலரின் ஏழாம் இதழ் என்ற கோப்புறை காலியாக இருக்கிறது என்றால், இப்படியோர் இதழ் வந்தது, எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று அது சொல்கிறது. உள்ளே ஒன்றுமில்லாமலே ஒரு செய்தியைத் தாங்கி நிற்கிறது. ஆறுக்கு அடுத்து எட்டு இருப்பதைப் பார்த்தால் ஏழு இல்லை என்று தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். நடுவில் ஒன்று போனால் தெரியும். தொடக்கத்தில் மூன்றும் கடைசியில் நான்கும் போனால் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

இந்த நிரல்கள் கீழிருந்து மேலாக ஏறுபவை. உள்ளே இருக்கும் மாதக் கோப்புறை காலி என்றால் அதை நீக்கும். பன்னிரண்டு மாதங்களும் போனதும் ஆண்டு காலியாகிவிடும், அதையும் நீக்கும். எல்லா ஆண்டுகளும் போனதும் இதழின் பெயரே போய்விடும். ஒரு பிரதிகூடக் கிடைக்காத இதழ்கள், யாரோ ஒரு முதியவர் நினைவிலிருந்து பெயரும் ஆண்டும் சொல்ல நாங்கள் கூடு கட்டி வைத்திருந்தவை, இப்படித்தான் வேரோடு போயின. கண்ணுக்கு முன்னால் ஒவ்வொன்றாக அழித்திருந்தால் எங்காவது ஒரு பெயரைப் பார்த்துக் கை நின்றிருக்கும். நிரலுக்குக் கை ஏது? நிரல் வழி நீக்கியவை மறுசுழற்சித் தொட்டிக்கும் போவதில்லை, நேரே போய்விடுகின்றன. நகல் வன்தட்டு இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. மூலத்தைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வகை நகல் என்றால், மறுநாள் அதுவும் அதே கோப்புறைகளை விசுவாசமாக நீக்கிவிடும்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் கணினி, படங்களின் சிறு உருவைக் காட்டுவதற்காக ‘தம்ப்ஸ்’ என்ற மறைகோப்பு ஒன்றைச் சில கோப்புறைகளில் தானே எழுதி வைப்பதுண்டு. மேக் கணினிக்கும் அப்படியொரு மறைகோப்புப் பழக்கம் இருக்கிறது. நம் கண்ணுக்குக் காலியாகத் தெரியும் கோப்புறையில் அந்தக் கோப்பு ஒளிந்திருந்தால் நிரல் அதைத் தொடாது. விளைவாக, எவரோ அவசரத்தில் உண்டாக்கி, படங்களைப் போட்டு எடுத்துவிட்டு மறந்த ‘புதிய கோப்புறை 2’, ‘புதிய கோப்புறை 3’ ஆகியவை எங்கள் சேகரிப்பில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. எண்ணிக் கணக்கிட்டு அமைத்த கூடுகள் போய்விட்டன. காலி எது, குப்பை எது என்று இயந்திரம் எடுத்த முடிவின் தரம் இவ்வளவுதான்.

நிற்க. இது ஏதோ கணினி வந்த பிறகு முளைத்த சிக்கல் என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ் படித்தவர்களுக்கு இது மிகப் பழைய சங்கதி. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்களும் நமக்குக் கிடைக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் 1894இல் அதைப் பதிப்பித்தபோது இருந்த 398 பாடல்களை ஒன்று முதல் 398 வரை எண்ணிட்டு ‘ஒழுங்கு’ செய்திருக்கலாம். பார்க்கச் சுத்தமாக இருந்திருக்கும். செய்யவில்லை. 266க்கு அடுத்து 269 என்று வருகிறது. இடையில் இரண்டு காலிக் கோப்புறைகள். அந்நூலின் பழைய உரையும் 266ஆம் பாடலோடு நின்றுபோகிறது என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள். உரை முறியும் இடமும் பாடல் மறையும் இடமும் அடுத்தடுத்து நிற்பதை அந்த எண்கள் இருப்பதால்தான் காண்கிறோம். அதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பது ஆய்வாளர் பாடு. எண்ணை மாற்றியிருந்தால் ஆராயவே ஒன்றும் இருந்திருக்காது. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. நற்றிணையில் 234 இல்லை. இல்லாதவற்றின் எண்களை ஒரு தமிழாசிரியன் மனப்பாடமாகச் சொல்ல முடிகிறது என்றால், இல்லாமைக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்த பதிப்பாசிரியர்களின் கொடை அது.

பதிற்றுப்பத்து இன்னும் தெளிவான சான்று. முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. 1904இல் சாமிநாதையர் வெளியிட்டபோது நூல் இரண்டாம் பத்தில்தான் தொடங்கிற்று. கிடைத்த எட்டை ஒன்று முதல் எட்டு வரை என்று வைத்து ‘எட்டுப்பத்து’ என்று பெயர் சூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தொல்காப்பிய உரைகளிலும் புறத்திரட்டிலும் பதிற்றுப்பத்தைச் சேர்ந்தவை என்று தெரியவரும் சில பாடல்கள் கிடைத்துள்ளன. அவை இருக்கும் எட்டுப் பத்துகளில் இல்லை. எனவே இல்லாத இரண்டில் ஒன்றைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதினர். வீடு திரும்பியவர்களுக்கு அங்கே ஒரு வாசல் காத்திருந்தது.

பரிபாடலைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாதம் நிறைவடையாது. எழுபது பாடல்களில் முழுமையாகக் கிடைத்தவை 22. எழுபது என்பதும் அவை எப்படிப் பிரிந்திருந்தன என்பதும் பழைய வெண்பா ஒன்றால் தெரிகின்றன. திருமாலுக்கு 8, செவ்வேளுக்கு 31, காடுகாளுக்கு 1, வையைக்கு 26, மதுரைக்கு 4. இன்றைய மொழியில் சொன்னால் அந்த வெண்பா கோப்புறைப் பட்டியல் அன்றி வேறில்லை. கிடைத்த 22இல் திருமாலுக்கு 6, செவ்வேளுக்கு 8, வையைக்கு 8. காடுகாள் என்ற கோப்புறை முழுக் காலி. கொற்றவைமீது பரிபாடல் ஒன்று இருந்தது என்பதை அந்தக் காலிக் கோப்புறையின் பெயரைக் கொண்டுதான் அறிகிறோம். அதை எழுதிவைத்த பெயர் தெரியாத புலவரின் ஏட்டை எவரேனும் சுத்தம் செய்திருந்தால் பரிபாடல் என்பது மூன்று பொருள்மேல் பாடிய 22 பாட்டு என்று நாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருப்போம்.

மீண்டும் எங்கள் மண்ணுக்கு வருவோம். நீக்கப்பட்டவற்றில் எங்களை மிகவும் வருத்தியவை ஊர், மாவட்டப் பெயர்களில் இருந்த கோப்புறைகள். சிவகாசி என்ற கோப்புறைக்குள் திருநெல்வேலி, இராமநாதபுரம், காமராசர், விருதுநகர் என்று நான்கு மாவட்டப் பெயர்களில் உட்கோப்புறைகள் வைத்திருந்தோம். கடைசியில்தான் நிறைய இருந்தது. இராமநாதபுரத்தில் கொஞ்சம். மற்ற இரண்டும் காலி. யாரோ குழப்பத்தில் உண்டாக்கியவை என்றே வெளியாருக்குத் தோன்றும். ஆனால் சிவகாசி 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனோடு சேர்ந்தது. 1985இல் அதிலிருந்து பிரிந்தது காமராசர் மாவட்டம். 1997இல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்தபோதுதான் விருதுநகர் மாவட்டம் என்ற பெயர் வந்தது. ஒரே மண், நான்கு தலைப்புகள். 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரம் பற்றிய காகிதத்தைத் தேடும் மாணவர் விருதுநகர் மாவட்ட ஆவணம் என்று கேட்டுக்கொண்டு போனால் வெறுங்கையோடுதான் திரும்புவார். திருநெல்வேலி என்ற அந்தக் காலிக் கோப்புறை, எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்று கைகாட்டிக்கொண்டிருந்தது. அதுபோலவே விருதுநகருக்குப் பக்கத்தில் விருதுபட்டி என்று ஒன்று இருந்தது. 1923க்கு முந்தைய அச்சுப் பொருள்களில் ஊரின் பெயர் அதுதான். அதுவும் காலி, அதுவும் போயிற்று.

இவற்றைக்கூடப் பழம்பொருள் ஆர்வலர்களின் செல்லக் கவலைகள் என்று தள்ளிவிடலாம். தள்ள முடியாத ஒன்று இருக்கிறது. செய்தி நறுக்குகளில் ஒரு பெரும்பகுதி பட்டாசு ஆலை விபத்துகளைப் பற்றியது. ஆண்டு, ஊர் என்ற வரிசையில் அவற்றை வைத்திருந்தோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்ததைப் பற்றி வேண்டிய மட்டும் இருக்கிறது. ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போன விபத்து, நாடே எழுதிற்று. 2021 பிப்ரவரி 12 அச்சன்குளம் விபத்துக்கும் அவ்வாறே. ஒருவர், இருவர் மாண்டவை அப்படியல்ல. உட்பக்கத்தில் நான்கு வரி, அடுத்த நாள் அதுவும் இல்லை. இந்த ஊரில் இந்த ஆண்டு ஒரு விபத்து நடந்தது என்று எங்கள் மாணவர்கள் தங்கள் வீட்டிலும் தெருவிலும் கேட்டு வந்து சொல்வார்கள். அத்தை, பக்கத்து வீட்டு அண்ணன், பள்ளியில் கூடப் படித்தவளின் தாய் என்று உறவு சொல்லியே சொல்வார்கள். நாங்கள் ஊர்ப்பெயரும் ஆண்டும் இட்டுக் கோப்புறை திறந்துவைத்துப் பழைய நாளிதழ்களில் தேடுவோம். தேடல் முடியாதவை காலியாக இருந்தன. இன்று நிரல் விட்டுவைத்த வரிசையைப் பார்க்கும் ஒருவர், பெரிய விபத்து நடந்த ஊர்களில் மட்டுமே விபத்து நடந்தது என்று முடிவுகட்டுவார். நாளைக்கு ஓர் ஆய்வேடு அந்த வரிசையை எண்ணி அட்டவணையும் போட்டுவிடும். அச்சேறாத சாவு அட்டவணையில் ஏறாது. காத்திருப்பதற்கு அதற்கு இருந்த ஒரே இடம் அந்த வெற்றுக் கோப்புறைதான்.

இடம் அடைகிறது என்ற வாதத்தைச் சொல்லும்போது சிரிப்புத்தான் வருகிறது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள அமைப்பில் ஒரு காலிக் கோப்புறை 4 கிலோபைட் எடுத்துக்கொள்ளும். ஆயிரம் கோப்புறைகளுக்கு 4 மெகாபைட். ஏ4 அளவுள்ள ஒரே ஒரு வண்ணப் பக்கத்தை 300 புள்ளி நுணுக்கத்தில் சுருக்காமல் ஸ்கேன் செய்தால் 26 மெகாபைட் வரும். அதாவது ஆயிரம் காலிக் கோப்புறைகளும் சேர்ந்து ஒரு நாள்காட்டித் தாளில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. விபத்துகளைப் பற்றிப் பேசியதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே வெற்றிடம் விட வேண்டும் என்பது வெடிபொருள் விதி. ஓர் அறை தீப்பற்றினால் அடுத்த அறையில் இருப்பவர் பிழைக்க வேண்டுமே. அந்த இடத்தை வீணாகக் கிடக்கிறதென்று நினைத்து மரத்தடியில் ஆள்களை உட்காரவைத்து வேலை வாங்குவது பல விபத்துகளுக்குப் பிறகு குறையாகச் சுட்டப்பட்டுள்ளது. காலி இடம் கண்ணில் பட்டாலே கை பரபரக்கும் மனிதர்கள் கணினிக்கு வருமுன்னே இங்கே இருந்தார்கள்.

வாசகர் திறந்து பார்த்து ஏமாறுகிறார் என்பது மற்றொரு வாதம். இதில் நியாயம் உண்டு. எந்தக் குறிப்பும் இல்லாத காலிக் கோப்புறை மூன்று வெவ்வேறு பொருளைத் தரக்கூடும். தேடினோம், கிடைக்கவில்லை என்பது ஒன்று. இன்னும் தேடவே இல்லை என்பது வேறு. அப்படியொன்று வெளிவரவே இல்லை என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே வெறுமையால் காட்டுவது வாசகரைக் குழப்பும். ஆனால் அதற்கு மருந்து உள்ளே ஒரு வரி எழுதி வைப்பது. ஏட்டில் எழுத்துப் போன இடத்தில் புள்ளியிட்டு அச்சிட்டார்கள் நம் பதிப்பாசிரியர்கள். நூலகங்களில் செப்பனிடப் போன நூலின் இடத்தில் ஓர் அட்டையை நிறுத்தி விவரம் எழுதி வைப்பார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியே இல்லாத கிராமங்களும் பெயரோடும் பரப்போடும் பட்டியலில் இருக்கின்றன, ஆள் தொகை மட்டும் இருக்காது. ஆளில்லை என்பதற்காக ஊரை அடித்துவிடும் எழுத்தர் எவரும் இல்லை.

நிரலாளர்களுக்கே இது தெரியாத சங்கதி அல்ல என்பதுதான் எரிச்சலூட்டுகிறது. அவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கப் பயன்படுத்தும் ‘கிட்’ என்ற மென்பொருள் காலிக் கோப்புறையைக் கணக்கில் கொள்ளாது. தங்களுக்கு ஒரு காலிக் கோப்புறை தேவைப்படும்போது என்ன செய்கிறார்கள்? ‘கிட்கீப்’ என்று பெயரிட்ட வெற்றுக் கோப்பு ஒன்றை உள்ளே போட்டு அதைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். உலகெங்கும் உள்ள வழக்கம் இது. நாளை வரப்போகும் பதிவுகளுக்காகத் தங்கள் வீட்டில் ஒரு காலி அறையைப் பூட்டி வைத்துக்கொள்பவர்கள், நேற்று வந்து தொலைந்த இதழுக்காக நாம் திறந்துவைத்த அறையை மட்டும் இடிக்கலாமா? தமிழ்ச் சேகரிப்பு என்றால் பழைய பேப்பர், பழைய பேப்பர் என்றால் குப்பை, குப்பை என்றால் கூட்ட வேண்டியதுதானே என்ற எண்ணவோட்டம் அடியில் இருப்பதாகவே நாங்கள் கருதுகிறோம். அந்த உதவியாளர் ஒருவரை மட்டும் குறை சொல்லவில்லை. அவருக்கு வேலை சொன்னவர்கள், சுத்தம் என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் சொல்லியிருக்கவில்லை.

அத்தனை கோப்புறைகளிலும் குறிப்பு எழுத யாருக்கு நேரம் இருக்கிறது என்று இனிக் கேட்பார்கள். அதற்கும் அதே நிரல் இருக்கிறது. ஃபைண்ட் கட்டளையின் கடைசிச் சொல்லை மாற்றினால் போதும். அழி என்பதற்குப் பதிலாக அச்சிடு என்று கொடுத்தால் காலிக் கோப்புறைகளின் பெயர்களை எல்லாம் வரிசையாகத் திரையில் எழுதிக் காட்டும். அதை ஓர் உரைக்கோப்பில் சேமித்து, தேடிய நாள், தேடிய இடம், தேடியவர் என்று மூன்று கட்டங்கள் சேர்த்தால் இல்லாதவற்றின் பட்டியல் கிடைத்துவிடும். பைத்தானில் என்றால் நீக்கும் வரிக்குப் பதிலாக ஒவ்வொரு காலிக் கோப்புறையிலும் ஒரு குறிப்புக் கோப்பை எழுதும் வரியை வைக்கலாம். ஐந்தாறு வரி நிரல் ஆறேழு வரியாகும். பிறகு அந்தப் பட்டியலைச் சேகரிப்பை அறிந்த ஒருவர் உட்கார்ந்து படித்து, புதிய கோப்புறை 2 போன்றவற்றைத் தம் கையால் நீக்கட்டும். அதை நாங்கள் மறுக்கவே இல்லை.

எங்கள் சேகரிப்பின் பட்டியலை இப்போது பழைய கைக்குறிப்பேடுகளிலிருந்து திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறோம். இதழ்ப் பெயர்களில் பெரும்பகுதி மீண்டுவிட்டது. மாவட்டக் கோப்புறைகள் முன்போல் இருக்கின்றன. விபத்துச் செய்திகளின் வரிசையைத்தான் முழுதாக மீட்க முடியவில்லை. தங்கள் தெருவில் கேட்டு வந்து சொன்ன மாணவர்கள் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். அவர்களில் முகவரி தெரிந்தவர்களுக்கு எழுதியிருக்கிறோம்.